கே. கே. பிள்ளையின் உள்ளாட்சி ஆய்வு: சுசீந்திரம் சபை முதல் சென்னை மாகாண நகர்மன்றம் வரை

முன்னுரை

தமிழக வரலாற்றைச் சமூக வரலாறாக எழுத முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர் கே. கே. பிள்ளை எனப்படும் கோலப்ப கனகசபாபதி பிள்ளை (1905–1981). தமிழ் ஆய்வாளர்கள் அவரைப் பெரும்பாலும் ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ என்னும் நூலின் ஆசிரியராகவும், சுசீந்திரம் கோயிலைப் பற்றிய பெருநூலின் ஆசிரியராகவும் அறிவர். அவர் சென்னை மாகாணத்தின் உள்ளாட்சி வரலாற்றையும் எழுதியவர் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கோயில் நூலும் உள்ளாட்சி நூலும் 1953ஆம் ஆண்டிலேயே அச்சேறின. முன்னது சென்னைக் கலாக்ஷேத்திரா வெளியீடு. பின்னது பம்பாயில் வெளிவந்தது. கோயிலாய்வு, நிருவாக ஆய்வு என்று இவற்றைப் பிரித்து வைத்ததனால், ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் முறை பற்றி அவை சேர்ந்து எழுப்பும் வினா மறைந்துபோயிற்று. பிள்ளையின் வாழ்வின் ஊடாக அவ்வினாவை மீட்டுக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த மண்

பிள்ளை 1905 ஏப்ரல் 3ஆம் நாள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டாரத்தில் பிறந்தார். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. கல்குளத்தை அடுத்துக் கிழக்கே விரியும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு. ஏரி, குளம், கால்வாய் ஆகியவற்றைச் சார்ந்த அந்நெல்விளை நாட்டில் ஊர்ப் பொதுக்காரியம் என்பது முதற்கண் நீர்க்காரியமே. நாஞ்சில் நாடு பன்னிரண்டு பிடாகைகளாக வகுக்கப்பட்டிருந்தது. பிடாகைகளின் நாட்டார் கூடி முடிவெடுக்கும் வழக்கமும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், படையெடுப்பும் கொள்ளையும் மிகுந்து அரசு காவல் தரத் தவறிய வேளையில், வரி செலுத்துவது குறித்து நாட்டார் கூடித் தீர்மானம் செய்தனர். காவலுக்கு ஈடாகவே வரி என்னும் எண்ணம் அத்தீர்மானங்களின் அடியில் இருந்தது.

இம்மரபு ஒருபுறமிருக்க, பிள்ளை பிறப்பதற்கு முன்னரே புதிய உள்ளாட்சி அமைப்பு ஒன்று அவ்வட்டாரத்தில் கால்கொண்டிருந்தது. 1894இல் திருவிதாங்கூர் அரசு நகர மேம்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றி, நாகர்கோவில் உள்ளிட்ட நகரங்களில் மேம்பாட்டுக் குழுக்களை அமைத்தது. 1920இல் நாகர்கோவில் நகராட்சியாயிற்று. நாட்டார் கூட்டத்தின் நினைவும் நகராட்சியின் அலுவலகமும் ஒரே வட்டாரத்தில் அருகருகே நின்ற காலத்தில் பிள்ளை வளர்ந்தார்.

தெருவும் சாதியும்

பிள்ளைக்கு இருபத்தொரு வயதான 1926ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டின் சமூக வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. மருமக்கள்வழிச் சொத்துரிமையை மாற்றியமைத்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. 1924–25இல் வைக்கத்தில் நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து எழுந்தது இது. 1936 நவம்பர் 12இல் வெளியான கோயில் நுழைவுப் பிரகடனம் கோயில் வாயிலையே திறந்துவிட்டது.

இந்நிகழ்ச்சிகள் சமயச் சீர்திருத்த வரலாற்றில் வைத்தே பெரிதும் பேசப்படுகின்றன. உள்ளாட்சி நோக்கில் பார்த்தால் அவை தெரு பற்றியவை. ஊரின் எந்தப் பகுதியில் யார் குடியிருக்கலாம், எந்த வழியில் யார் நடக்கலாம், எந்தக் குளத்தில் யார் நீர் முகக்கலாம் என்பவற்றை வகுத்த நில ஒழுங்கு ஒன்று பழைய ஊரில் இருந்தது. அதை வகுத்தது எழுதிய சட்டமன்று, சாதி வழக்கம். பிற்காலத்து நகரமைப்புச் சட்டங்கள் குடியிருப்பு, வாணிகம், தொழில் என்று நிலத்தைப் பயன்பாட்டால் பகுத்தன. பழைய ஊரோ மனிதரைப் பிறப்பால் பகுத்தே நிலத்தைப் பகுத்தது. தெரு பொதுச்சொத்து என்னும் கருத்து நிலைபெற்றாலன்றி, அதைப் பேணும் நகர்மன்றம் என்பதற்குப் பொருளில்லை. சுசீந்திரத்தில் கேட்கப்பட்டது அக்கருத்துக்கான ஒப்புதலே.

சுசீந்திரம் நூல்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைத் தம் பெருநூலுக்குப் பொருளாக்கிய பிள்ளை, சிற்பத்தையும் தலபுராணத்தையும் விளக்குவதோடு அமையவில்லை. கோயிலின் நிருவாகம், வருவாய், பணியாளர், திருவிழா, அதைச் சார்ந்த சமூக வாழ்வு ஆகிய அனைத்தையும் கல்வெட்டு, ஓலை ஆவணம், அரசு ஆவணம் ஆகியவற்றின் துணையோடு ஆராய்ந்தார். ஒரு கோயிலை ஊராட்சியின் நடுவிடமாகக் கண்டு எழுதிய தென்னிந்திய ஆய்வுகளில் அந்நூல் முதல் வரிசையில் வைக்கத்தக்கது.

சோழர் ஆட்சிக் காலத்தில் சுசீந்திரம் சதுர்வேதிமங்கலமாகத் திகழ்ந்தது. அங்கே சபை கூடி, கோயில் நிலம், அறக்கட்டளை, நித்திய பூசைக்கான நெல்லளவு முதலியவற்றை முடிவு செய்தது. பின்னர் அதிகாரம் கோயிலைச் சார்ந்த யோகத்தாரின் கைக்கு வந்தது. நிலமும் நெல்லும் தீர்ப்பும் ஒரே குழுவிடம் குவிந்தபோது, அக்குழு அரசனோடும் முரண்படும் அளவுக்கு வலிமை பெற்றது. கொதிக்கும் நெய்யில் கையை முக்கிக் குற்றமின்மையை நிறுவும் கைமுக்கு என்னும் கொடிய சோதனை நடந்த இடமும் அக்கோயிலே. 1811இல் கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், திருவிதாங்கூர்ப் பெருங்கோயில்களின் நிலங்களும் நிருவாகமும் அரசின் பொறுப்பாயின. அத்துடன் கோயில்வழி உள்ளாட்சியின் பொருளியல் அடித்தளம் சரிந்தது.

சபையின் திறத்தை மதிப்பிடுவதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் உதவும். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் முப்பது குடும்புகளையும், குடவோலை முறையையும், ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றையும் விவரிக்கின்றன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெற முடியாது என்னும் விதி இன்றைய தணிக்கை விதிகளையும் விஞ்சக்கூடியது. அதே கல்வெட்டு, இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும் உடையவரையே தகுதியுடையோராகக் கொள்கிறது. சபைக்குப் பணத்தின்மீது முழு உரிமை இருந்தது. ஊரில் பெரும்பாலோருக்குச் சபையில் இடமில்லை.

மாகாண உள்ளாட்சி நூல்

பிள்ளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அவருடைய உள்ளாட்சி நூல் 1850 முதல் 1919 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டது. தொடக்க எல்லையும் முடிவெல்லையும் கருதித் தேர்ந்தவை. 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், ஊரார் தாமே விரும்பி விண்ணப்பித்தால் நகர மேம்பாட்டுக் குழு அமைக்கலாம் என்றது. சென்னை மாகாணத்தில் அது வேர்கொள்ளவில்லை. புதிய வரியைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்ள எவ்வூரார்தாம் முன்வருவர்?

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் விருப்பத்தை விட்டு அரசாணையால் நகராட்சிகளை அமைத்தது. அந்நகராட்சிகள் காவல்துறைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியிருந்தது. வீட்டு வரியும் சுங்கமும் காவலுக்குச் சென்றபின், தெருவுக்கும் சாக்கடைக்கும் எஞ்சியது சிறிதே. நாஞ்சில் நாட்டார் காவல் தராத அரசுக்கு வரி ஏன் என்று கேட்டனர். 1865இன் நகராட்சியோ அரசின் காவலுக்கே ஊர்வரியைச் செலுத்தியது. 1870இல் மேயோ பிரபு கொணர்ந்த நிதிப் பரவலாக்கத்தைத் தொடர்ந்து, 1871ஆம் ஆண்டுச் சட்டங்கள் காவல் சுமையை நீக்கிக் கல்வி, மருத்துவம், சுகாதாரம், சாலை ஆகியவற்றை உள்ளூர் நிதியின்மேல் ஏற்றின. பணத்தை மிச்சப்படுத்த விரும்பிய அரசு தன் கடமைகளைக் கீழே இறக்கியது. தன்னாட்சி என்னும் பெயர் அதன்பின் வந்து சேர்ந்தது.

1882 மே 18ஆம் நாளின் ரிப்பன் தீர்மானம் இப்போக்கைத் திருப்ப முயன்றது. நிருவாகம் சிறிது குறைபட்டாலும் மக்களுக்கு அரசியற் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதை ஒட்டி 1884இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தல நிருவாக வாரியங்கள் சட்டமும் வந்தன. தேர்தல் இடங்கள் பெருகின. அலுவலரல்லாதார் தலைவராகும் வாய்ப்பும் கிட்டியது. ஆயினும் வாக்குரிமை வரி செலுத்துவோருள் சிறுபான்மையினருக்கே இருந்தது. வரவு செலவுத் திட்டம் அரசின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. பழைய சபை பெற்றிருந்த நிதியுரிமை நகர்மன்றத்துக்கு இல்லை.

நூல் முடியும் 1919ஐ அடுத்து, 1920இல் புதிய மாவட்ட நகராட்சிகள் சட்டமும், கிராம ஊராட்சிச் சட்டமும், சென்னை நகரமைப்புச் சட்டமும் ஒருங்கே வந்தன. நிலத்தின் பயன்பாட்டை முன்கூட்டித் திட்டமிடும் பொறுப்பு நகர்மன்றத்தை வந்தடைந்தது அப்போதுதான். முதியோர், ஆதரவற்றோர் ஆகியோரைப் பேணும் கடமை நகர்மன்றத்தின் மையக் கடமைகளில் இடம்பெறவில்லை. அது குடும்பத்தின் பொறுப்பாகவும், சத்திரம், கோயில் மடைப்பள்ளி ஆகியவற்றின் அறமாகவும் கருதப்பட்டது. திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகளோ பெரிதும் பிராமணருக்கே சோறிட்டன. முதுமையில் உணவு ஓர் உரிமை என்னும் எண்ணம் 1962இல் சென்னை மாநில அரசு முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியபோதே உருப்பெற்றது. அதுவும் மாநிலத்தின் திட்டமாக வந்தது. ஊரின் திட்டமாக அன்று.

எல்லை மாற்றமும் பிற்கால வாழ்வும்

இரு நூல்களும் வெளிவந்த 1953இன் இறுதியில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர்ச் சட்டங்களின்கீழ் வளர்ந்த அம்மாவட்டத்தின் ஊர்கள் படிப்படியாகச் சென்னைச் சட்ட அமைப்புக்குள் வந்தன. ஆய்வாளராக வெளியிலிருந்து பிள்ளை ஆராய்ந்த மாகாணத்தின் உள்ளாட்சி மரபு, அவர் பிறந்த மண்ணுக்கும் உரியதாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் தலைவராக விளங்கிய அவர், ஆட்சியாளரின் போர்களிலிருந்து மக்களின் வாழ்வுக்கு வரலாற்றின் நோக்கைத் திருப்பினார். 1969இல் வெளிவந்த தமிழர் சமூக வரலாறு பற்றிய ஆங்கில நூலும், 1972இல் வெளிவந்த ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ நூலும் அத்திருப்பத்தின் விளைவுகள். பின்னது தமிழ்வழியில் வரலாறு பயின்ற மாணவர் பல தலைமுறையினருக்குக் கைநூலாயிற்று. பிள்ளை 1981 செப்டம்பர் 26இல் மறைந்தார்.

முடிவுரை

தமிழில் உள்ளாட்சி பற்றி எழுதப்படுவன பலவும் குடவோலையில் தொடங்கி, இடைப்பட்ட நூற்றாண்டுகளைத் தாண்டி, இன்றைய ஊராட்சிக்கு நேரே வந்துவிடுகின்றன. இத்தாண்டலில் மறைவன இரண்டு. ஒன்று, பழைய சபையின் வாயில் யாருக்கு அடைபட்டிருந்தது என்பது. மற்றொன்று, புதிய நகர்மன்றம் வாயிலைச் சிறிது சிறிதாகத் திறந்த காலத்தில் பணப்பெட்டியின் திறவுகோல் மேலிடத்திலேயே இருந்தது என்பது. பிள்ளையின் 1953ஆம் ஆண்டு நூல்களுள் ஒன்று முதற்செய்திக்கும் மற்றது இரண்டாம் செய்திக்கும் சான்று தருகின்றன. ஒன்றை மட்டும் படிப்போர் பழம்பெருமையிலோ, சட்டங்களின் பட்டியலிலோ நின்றுவிடுவர்.

எல்லாரும் இடம்பெறும் மன்றமும், அம்மன்றத்தின் கையில் நிதியும் ஒருங்கே அமைவதே தன்னாட்சி. சுசீந்திரத்தின் சபை ஒன்றைப் பெற்றிருந்தது. 1884இன் நகர்மன்றம் மற்றொன்றைப் பெறத் தொடங்கியது. இன்றைய நகர்மன்றத் தீர்மானங்களின் வரலாற்றை எழுத முனைவோர் இவ்விரு அளவுகோல்களையும் ஒருசேரக் கைக்கொள்ள வேண்டும். தமிழ்த் துறைகளின் நூலகங்களில் கோயில் நூலுக்கு அருகே உள்ளாட்சி நூலும் எடுத்துப் படிக்கப்படுமாயின், கல்வெட்டுச் சபையைப் பற்றிய ஆய்வும் நகர்மன்ற ஆவணங்களைப் பற்றிய ஆய்வும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாகும். பிள்ளையின் உழைப்புக்கு உரிய மதிப்பும் அதுவே.