எத்தனை ஏக்கர் போதும்? கணக்குப் போட்ட குமரப்பா



கொஞ்ச நாள் வேலை பார்த்துட்டு, அப்புறம் ஊர்ப்பக்கம் நிலம் வாங்கி விவசாயம் பண்ணணும்னு உங்கள்ல பல பேருக்கு ஆசை இருக்கும். வண்டியூர் பக்கம் விசாரிச்சுப் பாருங்க, சென்ட் கணக்கில்தான் விலை சொல்வாங்க. ஆனா ஒரு குடும்பம் பிழைக்க எத்தனை ஏக்கர் வேணும்? இந்தக் கேள்வியை நாட்டுக்காகவே யோசிச்ச ஒருத்தர், நம்ம மதுரையில்தான் கண் மூடினார். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்காவில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். இந்தியா ஏன் ஏழையாக இருக்குன்னு அங்கே ஆராயப் போனவர், ஆங்கில ஆட்சியின் வரவு செலவுக் கணக்கிலேயே விடையைக் கண்டார். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். கோட்டு சூட்டு போய் கதர் வந்தது.

காந்தி முதலில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? குஜராத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுப்பது. வீடு வீடாகப் போனவங்க உங்களை மாதிரி கல்லூரி மாணவர்கள்தான். நிலவரி விவசாயியின் சக்திக்கு மீறியதுன்னு அந்தக் கணக்கு காட்டியது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு இவர்தான் தலைவர். நாடு முழுக்க ஒரே ஏக்கர் அளவு என்று குழு சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு நியாயமான வாழ்க்கையும், ஆட்களுக்கும் ஒரு ஜோடி மாட்டுக்கும் முழு வேலையும் தரும் நிலமே அளவுகோல். அது மண்ணுக்கு மண் மாறும். உச்சவரம்பு அதுபோல மூன்று மடங்கு. உழைப்பவனுக்கே நிலம்.

பயிரிலும் அவருக்குக் கணக்கு உண்டு. சந்தைக்கு எது விலை போகும் என்பதைவிட, ஊர் மக்களின் சாப்பாட்டுக்கு எது தேவை என்பதே முதல் கேள்வி. மாடு சாணத்தை மண்ணுக்கே திருப்பித் தருது, டிராக்டர் தராதே என்பது அவர் வாதம்.

கடைசிக் காலத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது நம்ம மாவட்டத்து தே.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமம். மழையை நம்பியிருக்கும் மானாவாரி பூமி. 1960 ஜனவரி 30-ல், காந்தி மறைந்த அதே தேதியில், மதுரையில் காலமானார்.

அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். 1970-ல் அது 15 ஆனது. 'தர ஏக்கர்' என்பதால் நஞ்சைக்கு ஒரு அளவு, புஞ்சைக்கு வேறு அளவு. ஏக்கரை மட்டும் பார்க்காதே, மண்ணையும் பார் என்ற நியாயம் அதிலும் இருக்கு.

அதனால நண்பர்களே, நாளைக்கு நிலம் பார்க்கப் போனா பட்டா, சிட்டாவோட நின்னுடாதீங்க. கண்மாய்த் தண்ணி வருதா, கிணறு கோடையில் தாங்குமா, அந்த மண் எத்தனை வயிற்றுக்குச் சோறு போடும்னு கேளுங்க. குமரப்பா போட்ட கணக்கு அதுதான்!