எழுத்துக்கு மறுவாழ்வு தந்த எட்வர்ட் ஜான்ஸ்டன்

லண்டன் நகரில் பூமிக்கு அடியில் ரெயில் ஓடுகிறது. அந்த ரெயில் நிலையங்களின் பெயர்ப் பலகைகளை நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். ஆங்கிலச் சிறிய ‘ஐ’ எழுத்தின் மேலே உள்ள புள்ளி அவற்றில் வட்டமாக இராது. சாய்ந்த சதுரமாக இருக்கும்.

அந்த எழுத்தை உருவாக்கியவர் எட்வர்ட் ஜான்ஸ்டன். அழகாக எழுதும் கலை இங்கிலாந்தில் மங்கிக் கிடந்த காலத்தில், அதற்கு மறுவாழ்வு தந்தவர் அவர்தான்.

டாக்டர் படிப்பு நின்றது

ஜான்ஸ்டன் 1872-ம் ஆண்டு, தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே நாட்டில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார்.

வாலிபரானதும் எடின்பரோ நகரில் டாக்டருக்குப் படித்தார். ஆனால் உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டார்.

கையில் பட்டம் இல்லை. உத்தியோகமும் இல்லை. எழுத்தின் மீது இருந்த ஆசை ஒன்றுதான் மிச்சம்.

1898-ம் ஆண்டு லண்டனில் லெதபி என்பவரைச் சந்தித்தார். லெதபி ஒரு கைத்தொழில் கலைப் பள்ளியை நடத்தி வந்தார். வாலிபரின் திறமை அவருக்குப் புரிந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பழைய கையெழுத்துச் சுவடிகளைப் பார்க்கும்படி யோசனை சொன்னார்.

பேனா முனையின் ரகசியம்

அப்போது எல்லோரும் கூர்மையான இரும்புப் பேனாவால் எழுதினார்கள். அழுத்தினால் கோடு தடிக்கும், அழுத்தாவிட்டால் மெலியும். பழைய சுவடிகளிலும் தடித்த கோடும் மெல்லிய கோடும் இருந்தன. ஆனால் அழுத்தி எழுதிய அடையாளம் இல்லை.

காரணம் என்ன? முன்னோர்கள் பறவை இறகின் முனையைக் கூராகச் சீவவில்லை. உளியின் வாய்போலப் பட்டையாக வெட்டினார்கள். அதை ஒரே சாய்வில் பிடித்து எழுதினால் போதும். ஒரு பக்கம் இழுத்தால் தடித்த கோடு விழும்; மறு பக்கம் இழுத்தால் மெல்லிய கோடு விழும்.

ஜான்ஸ்டன் தாமே இறகையும் நாணலையும் சீவி எழுதிப் பழகினார். மறந்துபோன கலை மீண்டும் கைவந்தது.

1899-ம் ஆண்டு லெதபியின் பள்ளியிலேயே ஆசிரியரானார். டாக்டராக முடியாதவர், எழுத்துக்கு வாத்தியாரானார்! 1906-ம் ஆண்டு தாம் கற்றதை எல்லாம் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

சாய்வெழுத்து

அந்தப் புத்தகத்தில் ‘இட்டாலிக்’ என்னும் சாய்வெழுத்தும் இடம் பெற்றது. இது 15-ம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் பிறந்தது. அழகாகவும் எழுதலாம், வேகமாகவும் எழுதலாம். 1522-ல் ரோம் நகரில் அர்ரிகி என்ற எழுத்தர், இதைக் கற்றுக்கொடுக்க ஒரு சிறு புத்தகமே அச்சிட்டார்.

இதை எழுதும் முறை எளிது. பட்டை முனைப் பேனாவைக் கோட்டுக்கு 45 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். முனையின் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு எழுத்தின் உயரம். முனை 2 மில்லிமீட்டர் என்றால் எழுத்து 10 மில்லிமீட்டர். எழுத்து வலப்புறம் லேசாகச் சாயவேண்டும். ‘ஓ’ எழுத்து முட்டை வடிவில் ஒடுங்கி இருக்கவேண்டும். பேனாவை அழுத்தவே கூடாது.

ஜான்ஸ்டனின் மாணவர் ஹியூவிட். ஹியூவிட்டின் மாணவர் பேர்பாங்க். இந்த பேர்பாங்க் 1932-ல் சாய்வெழுத்துப் பயிற்சிப் புத்தகம் எழுதினார். அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகளிடமும் அந்த எழுத்து பரவியது.

ரெயில் நிலையத்தில்

1913-ம் ஆண்டு, சுரங்க ரெயில் கம்பெனி அதிகாரி பிராங்க் பிக், ஜான்ஸ்டனிடம் வந்தார். அவசரமாகப் போகிறவர்களும் சட்டென்று படிக்கக்கூடிய எழுத்து வேண்டும் என்று கேட்டார். ஜான்ஸ்டன் எதையும் நிதானமாகச் செய்பவர். 1916-ல்தான் அந்த எழுத்து பயனுக்கு வந்தது. சிற்சில மாறுதல்களுடன் இன்றும் அதுவே அங்கே இருக்கிறது.

ஜான்ஸ்டன் 1944-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, டிச்லிங் என்ற கிராமத்தில் காலமானார். வயது 72. அவருடைய பெயரை அறியாத லட்சக்கணக்கான மக்கள், அவருடைய எழுத்தைப் படித்துத்தான் தினமும் தங்கள் நிலையத்தில் இறங்குகிறார்கள்.