கண்ணுக்குள் பாய்ந்த ஒளி

இன்றைய ஜெர்மனியில் உள்ள போட்ஸ்டாம் நகரில் 1821ஆம் ஆண்டு ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிறந்தார். அவர்தம் தந்தையார் பள்ளி ஆசிரியர். மைந்தருக்கு இயற்பியலில் தீராத வேட்கை இருந்தது. அதனைப் பயிற்றுவிக்கும் வசதிதான் வீட்டில் இல்லை. படைமருத்துவராகப் பணிபுரிய உடன்படுவோர்க்குப் பெர்லினில் மருத்துவக் கல்வி கட்டணமின்றி அளிக்கப்பட்டது. அவர் அதனை ஏற்றார். எனினும் இயற்பியலைக் கைவிடவில்லை. படைமுகாமிலேயே சிறிய ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். 1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் சிலருடைய கண்கள் வெளித்தோற்றத்தில் பழுதின்றி இருக்கும். பார்வை மட்டும் மங்கி மறையும். நோயாளிக்கு வெளியே எதுவும் தெரியாது. மருத்துவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. கண்பாவை கருமையாகவே காட்சியளித்தது.

அக்கருமைக்குக் காரணம் என்ன? 1850இல், கண் சில வேளைகளில் ஒளிர்வது ஏன் என்பதை மாணவர்க்கு விளக்க முனைந்தபோது ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதனை ஆராய்ந்தார். கண்ணுள் புகும் ஒளி விழித்திரையில் பட்டு, வந்த வழியே விளக்கை நோக்கித் திரும்புகிறது. அதனைக் காண விரும்புவோர் அவ்வழியில் தலையை நீட்டினால், அத்தலையே விளக்கை மறைத்துவிடும்! எனவே அவர் விளக்கைப் பக்கத்தில் வைத்தார். தம் கண்ணுக்கு முன்னே மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாகப் பிடித்தார். தகடுகள் விளக்கொளியில் ஒரு பகுதியை நோயாளியின் கண்ணுக்குள் திருப்பின. திரும்பி வந்த ஒளியில் ஒரு பகுதி தகடுகளை ஊடுருவி அவர் கண்ணை அடைந்தது. தெளிவுக்காக ஒரு குழிவில்லையையும் சேர்த்தார். அட்டையும் கண்ணாடியும் கொண்டு செய்த அவ்வெளிய கருவியின் வழியே, உயிருள்ள மனிதரின் விழித்திரையில் கிளைவிட்டுப் படர்ந்த செந்நிறக் குருதி நாளங்கள் தெரிந்தன. உடலை அறுக்காமல் குருதி நாளங்களை நேரே காணத்தக்க இடம் அது. (சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயரும் 1847இல் இத்தகைய கருவியொன்றைச் செய்திருந்தார்; அது அப்போது வெளியுலகிற்கு வரவில்லை.)

பெர்லினில் கிரேஃபே என்னும் இளம் கண்மருத்துவர் இக்கருவியை ஆர்வத்துடன் கையாண்டார். திடீரெனப் பார்வை இழந்த ஒருவரின் விழித்திரைத் தமனி அடைபட்டுக் குருதியோட்டம் நின்றிருந்ததை 1859இல் அவர் விளக்கினார். காரணம் தெரியாதிருந்த குருட்டுத்தன்மைகளுள் ஒன்றுக்குக் காரணம் புலப்பட்டது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் பின்னர்ப் பெர்லினில் தாம் முதலில் விரும்பிய இயற்பியலுக்கே பேராசிரியரானார், 1894இல் மறைந்தார்.

அவர் கண்டவை நாளங்களே. அவற்றுள் குருதி ஓடும் பாங்கைப் படம்பிடிக்கும் முறை பின்னர் வந்தது. 1961இல் அமெரிக்க மருத்துவ மாணவர் இருவர், கைச்சிரையில் செலுத்திய ஒளிரும் சாயம் விழித்திரை நாளங்களில் பரவுவதை அடுத்தடுத்துப் படமெடுக்கும் முறையை வெளியிட்டனர். நாளம் அடைபட்ட இடமும் கசியும் இடமும் அதில் தெரிந்தன. இன்றைய கருவிகள் சிலவற்றுக்குச் சாயமும் வேண்டியதில்லை. அவை ஒரே இடத்தை ஒளியால் மீண்டும் மீண்டும் அளக்கின்றன. ஓடும் குருதியணுக்களால் மாற்றம் நிகழும் புள்ளிகளை மட்டும் பிரித்து நாளங்களை வரைந்து காட்டுகின்றன. நீரிழிவு நோயாளியின் விழித்திரையில் நுண்ணிய நாளம் ஒன்று அடைபட்டிருந்தால், அப்படத்தில் அவ்விடம் கருந்திட்டாகத் தோன்றும்.