டி. எஸ். வெங்கட்ராமன்

சர் திருவாடி சாம்பசிவ ஐயர் வெங்கட்ராமன் (1884 - 1963) தமிழகத்தைச் சேர்ந்த தாவர அறிவியலாளர் ஆவார். வறட்சியையும் நோயையும் தாங்கும் கலப்புக் கரும்பு இரகங்களைக் கோயம்புத்தூரில் உருவாக்கியவர். சர்க்கரைக்கு ஜாவாவை நம்பியிருந்த இந்தியா தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ள இவரது இரகங்கள் முக்கிய காரணமாயின.

பின்னணி

கரும்பை விதையிட்டு எவரும் பயிரிடுவதில்லை. கரணை வெட்டி நடுவதே வழக்கம். போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளில் ஏலச்செடியின் தூரைப் பிரித்து நடுவதும், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் குச்சிகளை நடுவதும் இதையொத்த முறைகளே. இவ்வாறு நட்டால் தோட்டம் முழுவதும் தாய்ச்செடியின் நகலாகவே அமையும். எனவே தாயைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். புதிய பண்புகள் வேண்டுமெனில் பூவிலிருந்து விதை பெற்று நாற்றுகளை வளர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அக்காலத்தில் இந்தியாவின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வட மாநிலங்களில் இருந்தது. அங்கு விளைந்த மெலிந்த கரும்புகள் குளிரையும் வறட்சியையும் தாங்கினாலும் விளைச்சல் குறைவு. மேலும் அப்பகுதிகளில் கரும்பு சரிவரப் பூப்பதில்லை. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்திலோ கரும்பு இயல்பாகப் பூத்து விதை பிடிக்கும். இதனாலேயே கரும்பு விளையும் சமவெளியிலிருந்து வெகு தொலைவில், 1912 ஆம் ஆண்டில் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவரான சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பரின் உதவியாளராக வெங்கட்ராமன் பணியில் சேர்ந்தார். (வட இந்திய மெலிந்த கரும்பின் அறிவியல் பெயரான சாக்கரம் பார்பெரி, இந்தப் பார்பரின் நினைவாக இடப்பட்டதே.)

கோ 205

கோயம்புத்தூர்ப் பகுதியில் தானாக வளரும் நாணல் (சாக்கரம் ஸ்பான்டேனியம்) கரும்பின் காட்டு உறவு ஆகும். அதன் தண்டு மெல்லியது. சர்க்கரையும் மிகக் குறைவு. ஆயினும் வறண்ட நிலத்திலும் நீர் தேங்கிய நிலத்திலும் அது பிழைத்துக்கொள்ளும். 'வெள்ளை' என்னும் தடித்த கரும்புடன் இந்நாணலைக் கலந்து பெறப்பட்டதே கோ 205 என்னும் இரகம். இது 1918 இல் பஞ்சாபுக்காக வெளியிடப்பட்டது. ஆலைக்கு உதவாத காட்டுப்புல்லைப் பெற்றோராகக் கொள்வது அன்று துணிச்சலான செயல். ஆனால் கோ 205 பஞ்சாபின் உள்ளூர் இரகங்களைவிட மிகுதியாக விளைந்தது.

ஐரோப்பியத் திராட்சையை வேர்ப்பேனிடமிருந்து அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்கள் காத்தது 19 ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற நிகழ்வு. அங்கு ஒட்டுக்கட்டினர், இங்கு இனக்கலப்பே செய்யப்பட்டது.

பிற இரகங்கள்

பார்பர் ஓய்வு பெற்றபின் வெங்கட்ராமன் நிலையத்தின் பொறுப்பை ஏற்று 1942 வரை நடத்தினார். கோ 213, கோ 281, கோ 290, கோ 312 ஆகியவை தொடர்ந்து வெளிவந்தன. ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878 உடன் கோ 290 ஐக் கலந்து கிடைத்த கோ 419, தென்னிந்திய உழவர்களிடையே பல பத்தாண்டுகள் நிலைத்தது. கோ 281, கோ 290 ஆகியவை அமெரிக்காவின் லூசியானாவிலும் பயிராயின.

1932 இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சுமார் 30 ஆக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளிலேயே 130 ஐக் கடந்தன. காப்பு வரியை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஆலைகளுக்கு வேண்டிய கரும்பு வயலில் இருந்ததும் காரணமே.

இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பரவலாகப் பயிரிடப்பட்ட கோ 213 ஐ 1930களின் இறுதியில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் செவ்வழுகல் நோய் அழித்தது. ஒரே இரகம் பெரும்பரப்பில் நின்றதால் நோய்க்கிருமிக்கு வழி எளிதாயிற்று. மாற்று இரகங்கள் நடப்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது.

கரும்பைச் சோளத்துடனும் மூங்கிலுடனும் கலக்கும் சோதனைகளையும் இவர் மேற்கொண்டார். இவை உலக அறிவியலாளரின் கவனத்தை ஈர்த்தபோதிலும், மூங்கில் கலப்பிலிருந்து வணிக இரகம் ஏதும் உருவாகவில்லை. உயிரணுவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் இந்நிலையத்திலேயே கரும்பின் குறுக்கினங்களை ஆராய்ந்தார்.

சிறப்புகள்

1937 இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். தலைமையுரைக்குக் கரும்பை விடுத்து இந்தியக் கிராமத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது. 1942 இல் சர் பட்டமும், 1956 இல் பத்ம பூஷண் விருதும் பெற்றார்.

கோயம்புத்தூரில் கோ 421, கோ 312 ஆகியவற்றைக் கலந்து பெற்ற விதைகள் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு அனுப்பப்பட்டன. அவற்றிலிருந்து அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட என்.கோ. 310, 1945 இல் வெளியிடப்பட்டுத் தைவான் வரை பரவியது. வெங்கட்ராமன் 1963 இல் காலமானார்.