இடிக்காமல் நகரைக் குணப்படுத்த முனைந்தவர்

எம்டன் என்ற சொல்லை அறியாத தமிழர் அரிது. வல்லவனையும் தந்திரசாலியையும் ஊர்ப் பெரியவர்கள் அப்பெயரால் அழைப்பதைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகள் மீது குண்டு பொழிந்துவிட்டு மறைந்த அந்த ஜேர்மன் போர்க்கப்பல், அடுத்த மாதம் இந்தியாவின் மேற்குக் கடற்பரப்பில் கிளான் கிரான்ட் என்ற பிரித்தானியச் சரக்குக் கப்பலையும் மூழ்கடித்தது. அக்கப்பலில் ஒரு கண்காட்சி முழுவதும் பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்தது. உலக நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், மாதிரிகள் என ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்தவை யாவும் கடலடி சேர்ந்தன.

அவற்றின் சொந்தக்காரர் வேறொரு கப்பலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தார். வயது அறுபது. பெயர் பற்றிக் கெடிஸ். வாழ்நாட் சேகரத்தை ஒரே நாளில் இழப்பது எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் திரும்பிச் செல்லவில்லை. பிரித்தானியாவிலிருந்த நண்பர்கள் இரண்டாவது தொகுதி ஒன்றைத் திரட்டி அனுப்ப, 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய காலத்தில் இவரை நாம் பாடக்குறிப்பில் ஒரே வரியில் கடந்து சென்றோம். நகரத் திட்டமிடலின் முன்னோடி என்று எழுதச் செய்து, அடுத்த பெயருக்குப் போய்விட்டோம். ஊரிழந்து அந்நிய நகரொன்றின் தொடர்மாடியில் குடியேறிய பின்னரே அவரை ஆறுதலாக வாசிக்கக் கிடைத்தது.

1854 ஒக்டோபர் 2இல் ஸ்கொட்லாந்தின் பலட்டர் என்ற சிற்றூரில் ஒரு படைவீரரின் மகனாகப் பிறந்தவர் கெடிஸ். பேர்த் நகரில் வளர்ந்தார். லண்டனில் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் கற்றார். ஆயினும் பட்டம் எதனையும் பெறவில்லை. பிற்காலத்தில் இரண்டு பல்கலைக்கழகக் கல்விநிலையங்களில் பேராசிரியராக விளங்கியவர் பட்டமற்றவர் என்பது, சான்றிதழ்களைப் பறிகொடுத்துவிட்டு இங்கு வந்து நிற்கும் நம்மவர் சிலருக்கு ஆறுதலளிக்கக்கூடும். 1879இல் ஆய்வுக்காக மெக்சிக்கோ சென்ற இடத்தில் கண்பார்வை தற்காலிகமாக மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தபோது சன்னற் கண்ணாடிகளின் சட்டங்களை விரலால் தடவித் தடவி, எண்ணங்களைக் கட்டங்களாக அடுக்கும் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். நுணுக்குக்காட்டியில் உயிர்களைத் தேடிய கண்கள் இதன் பின்னர் மெல்ல மெல்ல மனிதக் குடியிருப்புகளின் பக்கம் திரும்பின.

எடின்பரோ நகரின் வரலாற்றை இங்கு சிறிது கூறாமல் இவர் செய்ததை விளங்கிக்கொள்ள முடியாது. கோட்டைக் குன்றின் சரிவில், இடமில்லாமையால் மேல்நோக்கி வளர்ந்தது பழைய நகர். பிரபுவும் தச்சனும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் வாழ்ந்தனர். 1767 முதல் பள்ளத்தாக்கிற்கு வடக்கே நேர்த்தெருக்களும் சதுக்கங்களுமாய்ப் புதிய நகர் எழத் தொடங்கியதும் வசதி படைத்தோர் ஒவ்வொருவராக அங்கு குடிபெயர்ந்தனர். வெளியேற இயலாதவர்களும், பிழைப்புத் தேடி வந்தவர்களும் பழைய நகரில் எஞ்சினர். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் அறைக்கொரு குடும்பம் நிறைந்தது. கட்டடங்களைப் பேணுவார் இல்லை. 1861 நவம்பரில் பழைய மாடிக்கட்டடம் ஒன்று இடிந்து 35 பேர் மாண்டனர். விழித்துக்கொண்ட நகரசபை 1867இல் சட்டமியற்றி, நெருக்கமான பகுதிகளை இடித்து அகலத் தெருக்களை வெட்டியது. தெருக்கள் அழகாகவே அமைந்தன. அங்கு இருந்தவர்களோ அடுத்த ஒழுங்கைக்குள் சென்று, அதன் நெருக்கத்தை இரட்டிப்பாக்கினர்.

1886இல் அன்னா மோட்டன் என்ற பெண்ணைக் கெடிஸ் மணம் புரிந்தார். புதிய நகரில் நல்ல வீடு கிடைத்திருக்கும். ஆனால் அத்தம்பதியர் ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தைச் சூழ்ந்த பழைய மாடிக்கட்டடத்திற்குக் குடிபோனார்கள். தத்துவஞானி டேவிட் ஹியூம் ஒருகாலத்தில் வாழ்ந்த முற்றம் அது. அப்போதோ அழுக்கும் வறுமையும் மண்டிக் கிடந்தது. கணவனும் மனைவியும் முதலில் தங்கள் பகுதியைக் கழுவி வெள்ளையடித்தனர். பின்னர் அயலவர்களையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தைத் துப்புரவாக்கினர். சன்னல்களில் பூச்செடிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. முற்றாகக் கெட்டுப்போன சுவர்களை மாத்திரம் அகற்றி, அவ்விடங்களில் வெளிச்சமும் காற்றும் புகச் செய்தார். வெற்றுமனைகள் தோட்டங்களாயின. 1887இல் மாணவர் விடுதி ஒன்றை அங்கேயே தொடங்கினார். விடுதியை நடத்தும் பொறுப்பு மாணவர்களிடமே இருந்தது. 1892இல் கோட்டைக்கருகேயிருந்த கோபுரமொன்றைப் பெற்று, உச்சியிலிருந்து நகரை நோக்கவும், கீழ்த்தட்டுகளில் நகர், நாடு, உலகம் என்று படிப்படியாகக் கற்கவும் ஏற்ற காட்சியகமாக்கினார். வீடு திருத்துவதில் அவர் பட்ட கடன் எல்லை மீறவே, 1896இல் நண்பர்கள் ஒரு சங்கம் அமைத்து அச்சொத்துக்களைப் பொறுப்பேற்க நேர்ந்தது. கணக்கில் அவர் என்றும் கெட்டிக்காரர் அல்லர்.

நோயறியாமல் மருந்து கொடுக்கலாகாது என்பதே அவரது முறைமையின் அடிப்படை. நகரைத் திருத்த வருபவர் முதலில் அதன் ஒழுங்கைகளில் நாட்கணக்கில் நடக்க வேண்டும். எவ்வீடு பழுதானது, எவ்வீடு தேறும், பெண்கள் எங்கு கூடுகிறார்கள், பிள்ளைகள் எங்கு விளையாடுகிறார்கள் என்று அறிய வேண்டும். அதன் பின்னரே கத்தியை எடுக்கலாம். அதுவும் சிறிதாக. பேணும் சத்திரசிகிச்சை என்று இதனைத் தமிழில் கூறலாம்.

இம்முறை தமிழ்மண்ணில் பரீட்சிக்கப்பட்டதை நம்மவர் பலர் அறியார். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் வந்த கெடிஸ், மதுரை, தஞ்சாவூர் முதலிய நகர்களைச் சுற்றி நடந்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கத்தைக் குறைக்கவென வீடுகளை ஊடறுத்து நேர்த்தெருக்கள் அமைக்கும் திட்டமொன்று அதிகாரிகளிடம் இருந்தது. கெடிஸோ வீடு வீடாகப் பார்த்து, பாழடைந்தவற்றை மட்டும் அகற்றினால் சிறு சிறு வெளிகள் தாமாகத் தோன்றும், அவற்றில் மரம் நட்டால் போதும் என்று காட்டினார். செலவும் அதில் ஒரு சிறு பங்கே. மலேரியாவுக்கு அஞ்சி ஊர்க்குளங்களைத் தூர்க்கப் புறப்பட்டவர்களையும் அவர் தடுத்தார். குளத்தைத் துப்புரவாக்கி மீனும் தாராவும் விட்டால் நுளம்புக் குடம்பிகளை அவை தின்றுவிடும் என்பது உயிரியல் கற்ற அவரது விடை. தென்னகக் கோயில் நகரங்கள் மீது அவருக்கு இருந்த வியப்பு பெரிது.

1915இல் வெளிவந்த அவரது நூல், வளர்ந்து வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் நகர்க்கூட்டங்களுக்குக் கொனர்பேஷன் என்று பெயரிட்டது. இன்றும் புவியியல் மாணவர்கள் அச்சொல்லைக் கற்கிறார்கள்.

1917ஆம் ஆண்டு அவரை முறித்திருக்க வேண்டும். மூத்த மகன் அலஸ்டேர் ஏப்ரல் மாதம் பிரான்சின் போர்முனையில் கொல்லப்பட்டார். அவ்வேளை அன்னா இந்தியாவில் கடும் காய்ச்சலால் நோயுற்றிருந்தார். மகனின் மரணத்தை மனைவியிடம் கூற அவருக்கு மனம் வரவில்லை. ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னா அதனை அறியாமலே கண்மூடினார். தொலைபேசியில் வந்த செய்தியைத் தாயிடம் மறைத்துக்கொண்டு உலவிய பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்!

அதே ஆண்டின் தீபாவளிக்கு அவர் இந்தூரில் இருந்தார். பிளேக் நோயால் அஞ்சிக் கிடந்த சமஸ்தானம் அது. எந்தத் தெருவினர் வீடுகளை நன்கு திருத்தித் துப்புரவாக்குகிறார்களோ அத்தெருவழியே பண்டிகை ஊர்வலம் செல்லும் என்று அவர் அறிவிக்கச் செய்தார். தெருக்கள் போட்டியிட்டன. ஊர்வலத்தில் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் பின்னால் அழுக்கு அரக்கனும், பிளேக் எலியின் பேருருவமும் சென்றன. தொடர்ந்து, சாதியமைப்பின் அடித்தட்டில் ஒதுக்கப்பட்டிருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளாடை அணிந்து மலர்களோடு நடந்தனர். அரக்கன் முடிவில் எரிக்கப்பட்டான். 2017 முதல் நாட்டின் தூய்மையான நகரங்களின் வரிசையில் இந்தூர் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றதற்கும் இதற்கும் முடிச்சுப்போட நாம் துணியவில்லை. ஆனால் அவ்வூர்வலத்தை எண்ணிப்பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியற் பேராசிரியரானார். 1921இல் கொழும்பு நகருக்கும் திட்ட அறிக்கை ஒன்றை வழங்கினார். பயண முகவரை நம்பி லொட்ஜ்களில் மாதக்கணக்கில் காத்திருந்த காலத்தில், நாம் பார்த்த கொழும்பை இப்படியொருவர் நடந்து அளந்திருக்கிறார் என்று எவருக்குத் தெரியும்? 1925இல் தெல் அவிவ் நகருக்கு அவர் வரைந்த திட்டமே அவருடைய திட்டங்களுள் பெருமளவு நிறைவேறியது.

கெடிஸைப் போற்றுவோர் ஒரு குறையை மறைத்துவிடுகிறார்கள். கோட்டையருகே அவர் எழுப்பிய ராம்சே கார்டன் குடியிருப்பு, கற்றோரை ஏழைகளின் அயலில் குடியமர்த்தும் நோக்குடையது. இன்று எடின்பரோவின் விலையுயர்ந்த முகவரிகளில் அதுவும் ஒன்று. நகரின் ஒரு மூலை குணமடைந்தால் வாடகை ஏறும். வாடகை ஏறினால், இடிப்புக்குத் தப்பியவர்களும் வெளியேற வேண்டிவரும். இந்நோய்க்கு அவரிடம் மருந்திருந்ததாக நாம் கருதவில்லை. அவரது இந்திய அறிக்கைகளிற் பெரும்பாலானவையும் அலுவலகங்களில் உறங்கின. இருப்பினும், குடிகளை வெளியேற்றிய பின்னர் வெறும் நிலத்தை அளந்து திட்டம் தீட்டுவதே முறையென்று உலகம் நம்பிய காலத்தில், குடிகள் இல்லாத இடத்தில் குணப்படுத்த நகரே இல்லை என்று நின்றவர் அவர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டு, தம் வளவை மீண்டும் காணப் பல்லாண்டு காத்திருந்தோருக்கு இவ்வேறுபாடு ஏட்டுக்கல்வி அன்று.

இறுதிக்காலத்தைப் பிரான்சின் தெற்கே மொம்பெலியேயில், தாமே நிறுவிய ஸ்கொட்லாந்துக் கல்லூரியின் தோட்டங்களுக்கிடையே கழித்தார். முன்னர் ஒருமுறை மறுத்த சேர் பட்டத்தை 1932இல் ஏற்று, அதைப் பெறக் குளிர்காலத்தில் லண்டன் சென்று மீண்டார். ஏப்ரல் 17இல் காலமானார்.

ஜேம்ஸ் கோர்ட் இன்றும் இருக்கிறது. எடின்பரோ செல்லும் வாசகர்கள் கோட்டைக்கு ஏறும் வழியில் லோன்மார்க்கெட் தெருவின் ஒடுங்கிய நடைவழி ஒன்றினூடாக உள்ளே போகலாம். உல்லாசப் பயணிகளின் கூட்டம் வெளியே தெருவில் நின்றுவிடும். முற்றத்தில் நின்று மேலே பார்த்தால், ஒன்றன்மேலொன்றாய்ச் சன்னல்கள் தெரியும்.