தன் கண்ணிலேயே கிருமியை விட்ட டாக்டர்!

ஒரு சின்ன முடி கண்ணைக் குருடாக்குமா? ஆக்கும்!

இமை முடி வெளிப்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். உள்பக்கம் திரும்பினால், கண் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியைக் கீறும். அங்கே புண் வரும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். பார்வை மங்கிவிடும்.

முடி இப்படித் திரும்பப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் கொடியது 'டிரக்கோமா' என்ற தொற்று நோய். சிறு வயதில் அது திரும்பத் திரும்ப வந்தால் மேல் இமையின் உட்புறம் தழும்பாகும். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பு சுருங்கி, இமையை உள்ளே இழுக்கும்.

இந்த நோயின் கிருமியைப் பிடித்தவர், சீன டாக்டர் டாங் பெய்பான்.

முட்டைக்குள் சிக்கியது

அவர் 1897-ல் ஹூனான் மாகாணத்தில் பிறந்தார். 1921-ல் டாக்டரானார். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்ந்துவிட்டு, 1929-ல் நாடு திரும்பினார்.

டிரக்கோமாக் கிருமியைக் கண்டுவிட்டதாக ஜப்பானிய நிபுணர் நொகுச்சி அறிவித்திருந்தார். டாங் சோதித்தார். அது தவறு என்று தெரிந்தது. அப்படியானால் உண்மைக் கிருமி எது?

1955-ல் பெக்கிங் நகரில் விடை கிடைத்தது. நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்ததை, குஞ்சு வளரும் கோழி முட்டையின் மஞ்சள் கருவில் வைத்து வளர்த்தார். கிருமி சிக்கியது!

40 நாள் வேதனை

நோய் உண்டாக்குவது இதுதான் என்று நிரூபிக்க வேண்டாமா? யார் கண்ணைக் கேட்பது? 1957 முடிந்து 1958 பிறக்கும் வேளையில், தம் கண்ணிலேயே கிருமியை விட்டுக்கொண்டார். கண் சிவந்து வீங்கியது. நோயின் போக்கைக் கவனிப்பதற்காக 40 நாள் மருந்து போடாமல் பொறுத்தார்.

அந்த உத்தமருக்குக் கிடைத்த பரிசு? அதே ஆண்டு அரசியல் இயக்கம் ஒன்றில் அவர்மீது பழி சுமத்தினார்கள். மனம் உடைந்து, செப்டம்பர் 30-ந் தேதி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்தே, சர்வதேச டிரக்கோமா ஒழிப்புச் சங்கம் அவர் பெயருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

இன்று டிரக்கோமாக் கிருமியைக் கொல்ல மருந்து உண்டு. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்த நோயை இந்தியா நீக்கிவிட்டது என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

உங்கள் வீட்டில் பாருங்கள்

ஆனால் வயதானவர்களுக்கு இமை தளர்ந்தும், மற்றவர்களுக்கு இமை ஓரத்துப் புண்ணாலும், காயத்தாலும் முடி உள்ளே திரும்பலாம். பாட்டிக்கு மணல் விழுந்தாற்போல் கண் உறுத்துகிறதா? ஓயாமல் நீர் வடிகிறதா? வெளிச்சம் பட்டால் கூசுகிறதா? பகல் வெளிச்சத்தில் இமை ஓரத்தைப் பாருங்கள். முடி விழியில் படுகிறதா?

நீங்களே பிடுங்காதீர்கள். சில வாரங்களில் அது மறுபடி முளைத்துக் குத்தும். உடனே கண் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறு அறுவை சிகிச்சையால் இமையைச் சரி செய்யலாம். ஆனால், கருவிழியில் தழும்பு விழுந்த பிறகு போனால், போன பார்வை முழுதும் திரும்புவது அரிது!