பல்லாவரத்துக் கற்கோடரி

இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் 1834ஆம் ஆண்டு பிறந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவர், சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்ந்து வரைபடத்தில் குறிப்பதே அவருடைய பணி.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியைப் பார்வையிட்டபோது அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறும் கல். ஆனால், அதன் விளிம்புகள் மனிதக் கையால் செதுக்கப்பட்டிருந்தன. பிரான்சு நாட்டில் கிடைத்த பழங்கற்காலக் கருவிகளைப் பற்றி முன்பே அறிந்திருந்த ஃபூட், இதுவும் அத்தகைய கருவியே என உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர் மாதம், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். இந்தியாவில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்ததற்குச் சான்று கிடைத்துவிட்டது. நம் நாட்டில், பேராக்கின் கோத்தா தம்பானில் இத்தகைய கருவிகளைத் தேடி அகழாய்வு நடந்தது 1938இல்தான்.

எனினும், அக்காலத்தில் இத்தகைய ஆய்வுக்கென்று அரசாங்கத்தில் ஒரு பதவிகூட இல்லை. 1861இல் உருவான தொல்லியல் ஆய்வுத் துறையின் கவனம் பௌத்தத் தலங்களிலும் பழைய கட்டடங்களிலுமே இருந்தது. ஆகவே, ஃபூட் கடைசிவரை நிலவியலாளராகவே ஊதியம் பெற்றார். தங்கம் பொதிந்த தார்வார்ப் பாறைகளை ஆராய்ந்து பெயரிட்டது அவருடைய அலுவற்பணி. கற்கருவிகளைச் சேகரித்தது சொந்த ஆர்வம். ஆயினும், அவரைக் காடுமேடெல்லாம் நடக்க வைத்தது அந்த அலுவற்பணிதான்.

1891இல் ஓய்வுபெற்ற அவரைப் பரோடா, மைசூர் அரசுகள் வேலைக்கு அழைத்தன. அங்கும் பாறை ஆய்வே அவருக்கு வாய்த்தது. 400க்கும் மேற்பட்ட இடங்களில் திரட்டிய பொருள்களை அவர் வீட்டில் பாதுகாத்து வந்தார். எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்பு இல்லாவிடில் அவை வெறும் கற்குவியலாகியிருக்கும். 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. முதுமையில் அதற்கு விரிவான விளக்கப் பட்டியலும் எழுதினார்.

1912இல் ஃபூட் மறைந்தார். அவருடைய நூல் 1914, 1916ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. அச்சேறியதை அவர் காணவில்லை. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என அறிஞர்கள் இன்று அவரைப் போற்றுகின்றனர். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்பது 2011இல் அறிவியல் முறையில் கணிக்கப்பட்டது.